பாட்டிலுக்குப் பார்த்த நல்ல நாள்

பாலசுப்பிரமணியன் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கன்ட்ரோலராக இருந்த காலத்தில், அவர் விசில் ஊதினால் திருப்பதி வண்டி மட்டும் கிளம்பாது. அதற்குப் பின்னால் நின்ற மாங்காய் லாரி, லாரிக்குப் பின்னால் நின்ற மாடு, மாட்டின் முதுகில் உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் சேர்ந்து கிளம்பிவிடும். அவ்வளவு கறார். வேலூர் வண்டி டிரைவர் ஒருவர் அந்த விசிலுக்குப் பயந்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார் என்றும், மிச்ச டீயை ரிடையர் ஆன பிறகுதான் வந்து குடித்தார் என்றும் ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர், தன் சொந்த மனைவியின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைத் திருப்பதி லேபில் சேர்ப்பதற்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டார்.

மனைவி பெயர் தனபாக்கியம். கிரீம்ஸ்பேட்டையில் அவளுக்குப் பயப்படாத ஜீவராசி கிடையாது. தக்காளிக்காரன் அவள் தெருவுக்குள் நுழையும் முன்பே விலையைக் குறைத்துக்கொண்டு வருவான். ஆனால் ஊசி என்றால் மட்டும் அவளுக்குக் குலை நடுங்கும். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டு, சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் தடிமனான ஊசியால் துணுக்கு எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டும் அவள் போட்ட கூச்சலில் மூன்று மாநிலமும் கூடுகிற குப்பம் ஊர்க்காரன், அது தமிழா தெலுங்கா கன்னடமா என்று புரியாமல் மூன்று மொழியிலும் காதைப் பொத்திக்கொண்டிருப்பான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா இந்த ஊசி என் மேல பட்டுச்சின்னா, நான் ஆயுசுக்கும் உன்கூட பேச மாட்டேன், பாத்துக்க" என்றாள்.

"படாது பாக்கியம். நான் கேரண்டி" என்றார் பாலசுப்பிரமணியன். நாற்பது வருஷத்தில் அவள் பேசாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லாததால், அந்த மிரட்டல் அவருக்கு உண்மையிலேயே பெரிதாகப் பட்டது.

துணுக்கு, ஃபார்மலின் என்ற காரமான தண்ணீர் நிரம்பிய சின்ன பாட்டிலில் மிதந்தது. அதைத் திருப்பதி லேபுக்கு அனுப்ப வேண்டும். நர்சிங் ஹோம்காரர்கள் கூரியரில் அனுப்புகிறோம் என்றார்கள். அவர் விடவில்லை. பாக்கியத்தின் உடம்பில் ஒரு துளி அது. அதைக் கூரியர் மூட்டையில், எவனோ ஒருவனுடைய செருப்புப் பார்சலுக்கும் மிக்ஸி பார்சலுக்கும் நடுவில் போட்டு அனுப்புவதா? "நானே கொண்டுபோறேன்" என்று வாங்கிப் பழைய காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தபோதுதான் கிழக்கே சூலம் என்று தெரிந்தது. சூலம் இருக்கும் திசையில் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. பஸ்களை எல்லாத் திசைக்கும் எல்லா நாளும் அனுப்பியவர்தான். ஆனால் அது ஊர் ஜனங்களுடைய பயணம். இது பாக்கியத்துடைய பயணம். ஞாயிறு லேபுக்கு விடுமுறை. திங்கள் மறுபடி கிழக்கே சூலம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். சித்தூருக்குத் திருப்பதி நேர் கிழக்காக இருந்து தொலைத்தால் செவ்வாய் போயிருக்கலாம். நேர் வடக்காக இருந்தால் திங்கள் போயிருக்கலாம். அது இரண்டுக்கும் நடுவில் வடகிழக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கத்துச் சூலத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. கடைசியில் வியாழக்கிழமைதான் வழி திறந்தது. அன்று தெற்கே சூலம். தெற்கில் யாருக்கும் வேலை இல்லை.

அதுவரை பாட்டில் தோட்டத்துப் பக்கம் மோட்டார் ஷெட்டில், காக்கிப் பைக்குள் தொங்கியது. மகள் பிரித்திகா ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "நைனா, பாட்டில குடுத்துட்டியா?" என்றாள். "ஆங், ஆச்சி ஆச்சி" என்று சொல்லிவிட்டு, சிக்னல் இல்லாதது மாதிரி இரண்டு தரம் ஹலோ ஹலோ என்று கத்தி வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. திருப்பதியில் பிரித்திகா விசாரித்து வைத்திருந்த கேன்சர் டாக்டரிடம் இரண்டு பேரும் போனார்கள். டாக்டர் விஷ்ணுப்ரியா திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா கோவில் கைங்கர்யத்தில் இருப்பவர். மகள் வயசுதான். பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசினாள். அதனாலேயே தனபாக்கியத்துக்கு அவளை உடனே பிடித்துப்போனது. பாலசுப்பிரமணியன் அதனாலேயே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கட்டி கேன்சர்தான். அக்கம்பக்கத்துல பரவ ஆரம்பிச்ச வகை. ஆனா வைத்தியம் இருக்கு. எந்த வைத்தியம்னு முடிவு பண்ண ஒண்ணு தெரிஞ்சாகணும். ஹெர்-டூன்னு ஒரு ரிசெப்டர். செல்லுக்கு வெளிப்பக்கம் சீட் மாதிரி இருக்கும். வளர்ச்சியைத் தூண்டற சரக்கு வந்து அதுல உக்காந்தா, 'வளரு'ன்னு உள்ளே உத்தரவு போகும். எல்லாருக்கும் கொஞ்சம் சீட் இருக்கும். சில கட்டிகள்ல ஏகத்துக்கு இருக்கும். அதான் வேகமா வளரும்."

"பண்டிகை ஸ்பெஷல் பஸ்ஸு மாரி" என்றார் பாலசுப்பிரமணியன்.

"அதேதான் சார். அந்தக் கட்டிக்கு மட்டும் தனியா ஒரு மருந்து இருக்கு. நேரா போய் அந்த சீட்டைப் பிடிச்சிக்கும். வளர்ச்சிக்கு இடம் கிடைக்காது."

அவர் முகம் மலர்ந்தது. "ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிறோமே, அந்த மாரி. எவன் ஏறுனாலும் நின்னுக்கினே வர வேண்டியதுதான்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷமா நான் படம் போட்டுப் போட்டுச் சொல்லிண்டு இருக்கேன். இனிமே துண்டுதான்." பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுருங்கினாள். "ஆனா உங்க ரிப்போர்ட்ல ஹெர்-டூ அதிகம் இல்லைன்னு வந்திருக்கு. அப்படின்னா அந்த மருந்து குடுத்துப் பிரயோஜனமில்லை, வீணா இதயத்துக்குத் தொந்தரவு. எனக்கென்னவோ கட்டியோட போக்கைப் பார்த்தா இருக்கும்போலத்தான் தோணறது. மூணு நாளைக்கு மேல அந்தத் தண்ணியிலேயே ஊறிப்போச்சுன்னா, சில சமயம் இருக்கறதே இல்லாத மாதிரி தெரியும். எடுத்த தேதியை நர்சிங் ஹோம்ல எழுதாம விட்டுட்டா. என்னைக்கு சார் எடுத்தது? லேபுக்கு வியாழக்கிழமை வந்திருக்கு."

பாலசுப்பிரமணியன் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் மறுபடி ஊசி. பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்த கேரண்டி நாறிப்போகும். சொல்லாவிட்டால் மருந்து கிடைக்காது. மின்விசிறி மூன்று சுற்று சுற்றுவதற்குள் அவருக்கு மூன்று வயது கூடியது. பக்கத்தில் பாக்கியம், புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்தார்.

"முந்தின நாளு மேடம். புதன்கிழமை."

தனபாக்கியம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

"அப்ப சரி, ரிப்போர்ட்டை நம்பலாம். திங்கக்கிழமை வாங்கோ, அந்த மருந்து இல்லாமலே ஆரம்பிச்சுடலாம்" என்றாள் டாக்டர்.

வெளியே வந்ததும் சித்தூர் வண்டியைப் பார்த்து அவர் நடந்தார். தனபாக்கியம் எதிர்ப் பக்கம் நடந்தாள். "அந்த வண்டி வாணாம். காணிப்பாக்கம் வண்டி நிக்கிது, ஏறு."

"இன்னாத்துக்கு இப்ப காணிப்பாக்கம்?"

"சாமி கும்புட. வேற இன்னாத்துக்கு, மசால்வடை துன்னவா?"

காணிப்பாக்கம் என்றதும் அவருக்கு ஜன்னலோரக் காற்றிலும் வேர்த்தது. ஏன் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர்போனவர். கடன் தகராறு, வரப்புத் தகராறு, குடிக்கிற தகராறு எல்லாம் கோர்ட்டில் தீராமல் அங்கே வந்து தீரும். குளத்தில் முங்கிவிட்டு அவர் எதிரில் நின்று பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பார்கள். கெட்டிக்காரத் திருடர்கள்கூடக் குளத்துப் படியை மிதித்ததுமே, எதுவும் கேட்பதற்கு முன்னால், திருடாததையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவார்களாம்.

தரிசன வரிசையில் நிற்கும்போது அவர் கையைக் கூப்பி முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா வேண்டிக்கிற?"

"கட்டி வளரக்கூடாதுன்னு."

"இவுரே வருசா வருசம் வளந்துக்கினே போற சாமி. முந்தி போட்ட வெள்ளிக் கவசம் இப்ப பத்தலன்றாங்க. அவுருகிட்ட வந்து வளராதன்னு கேட்டா, நம்மளத்தான் சொல்றான்னு கோவிச்சிக்க மாட்டாரா?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தரிசனம் முடிந்து குளத்துப் படிக்கு வந்தார்கள். இப்போது கேட்கப்போகிறாள், முங்கு என்று சொல்லப்போகிறாள் என்று அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றார். தனபாக்கியம் அவரைக் கவனிக்கவே இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே படியிறங்கினாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாமி, பாட்டிலு சனிக்கெழமையிலேர்ந்து எங்கூட்டு மோட்டார் ஷெட்டுலதான் தொங்கிக்கினு இருந்திச்சி. எனக்குத் தெரியும். நான் கண்ணால பாத்தேன். இந்தாளு தெனம் காலையில அதுங்கூடப் பேசுறதையும் கேட்டேன். 'பயப்படாத, வியாழக்கெழம போயிடலாம்'னு சொல்லிக்கினு இருந்தாரு. டாக்டரம்மா கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. ஊசிக்குப் பயந்துக்கினு தொறக்கல. அந்தப் பொண்ணு எதிரில இவுரு அவமானப்பட்டுடுவாரேன்னும் தொறக்கல. தப்பு என்னுது."

பாலசுப்பிரமணியன் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார்.

"ஏய், உன்னுது எப்படி தப்பாகும்? பாட்டிலத் தொங்கவுட்டது நான். பொய் சொன்னது நான்."

"சொன்னது நீ. கேட்டுக்கினு சும்மா இருந்தது நான். மருந்து யாருக்கு? எனக்கு. அப்ப தப்பும் எனக்குத்தான்."

"நாளு பாத்தவன் நானு."

"நாளு பாத்த லட்சணம். வடக்க சூலம்னா பாலு குடிச்சிட்டுக் கெளம்புனா தோசம் போச்சி. கிழக்கன்னா தயிரு. இதுகூடத் தெரியாம ஒரு சூலம்."

"தெரியும். நம்ம வூட்ல பாக்கெட்டுப் பாலு. அது செல்லுமோ செல்லாதோன்னு..." அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "வேற யாருக்குன்னா பாக்கெட்டுப் பாலக் குடிச்சிட்டுப் போயிருப்பேன் பாக்கியம். உனக்குன்னதும் எதையும் நம்ப முடியல."

தனபாக்கியம் ஒரு நிமிஷம் பேசவில்லை. அவள் ஆயுசிலேயே அது சாதனை.

இதற்குள் படி முழுக்கக் கூட்டம். சத்தியம் பண்ண வருகிறவர்கள் எல்லாரும் நான் செய்யவில்லை, அவன்தான் செய்தான் என்று சொல்லித்தான் அங்கே பழக்கம். நான்தான் நான்தான் என்று இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் தப்புக்கு அடித்துக்கொள்வதை அந்தக் குளம் கட்டிய காலத்திலிருந்து யாரும் பார்த்ததில்லை. கம்போடு நின்ற காவல்காரர், "ஏமய்யா, இத்தரிலோ எவரு தப்பு சேசாரோ பைட்டிக்கி வச்சி செப்பண்டி, நீள்ளலோ வத்து" என்று, தப்பு யாருடையதானாலும் தண்ணீரை விட்டு வெளியே வந்து சொல்லச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சினார். கூட்டத்தில் ஒரு கிழவர், தப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பாலசுப்பிரமணியன் இரண்டு கையையும் தண்ணீரில் வைத்தார். "சாமி, இனிமே அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். பெருசும் சொல்ல மாட்டேன், சிறுசும் சொல்ல மாட்டேன்."

"சரி, ஏறி வா. செருப்பு மெதக்குது, புடி" என்றாள் தனபாக்கியம்.

சொட்டச் சொட்ட நின்றபடியே டாக்டருக்குப் போன் பண்ணினார். சூலம், ஷெட், பாக்கெட் பால் வரை எதையும் விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், "எங்கப்பா பஞ்சாங்கம் பார்க்காம நகம்கூட வெட்டிக்க மாட்டார் சார். ஆனா வைத்தியத்துக்கு மட்டும் நாள் பார்க்காதேம்பார். நாளைக்கே அழைச்சிண்டு வாங்கோ. மாமிக்குச் சரியா மரத்துப்போன அப்புறம்தான் ஊசியைத் தொடுவேன், அது என் கேரண்டி" என்றாள்.

மறுநாள் தனபாக்கியம் கட்டிலில் படுத்து, அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மார்பு மரத்துத்தான் போயிருந்தது. அவர் விரல்களுக்குத்தான் மருந்து போட மறந்துவிட்டார்கள். அவள் பிடித்த பிடியில் சுண்டு விரல் இன்றைக்கும் கொஞ்சம் மேற்கே பார்க்கிறது. பாட்டில் அடுத்த அரை மணியில் லேபில் இருந்தது. கொண்டுபோனவர் ஓடிய வேகத்தில் வழியில் இரண்டு ஆட்டோக்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.

இந்தத் தடவை ரிப்போர்ட் மழுப்பவில்லை. ஹெர்-டூ, மூன்று பிளஸ். சீட்டுக்கு மேல் சீட்டு.

பிரித்திகா போனில் எதையெதையோ படித்துவிட்டு, இது முரட்டு வகையாமே என்று அழுதாள். தனபாக்கியம் ஸ்பீக்கரில் போட்டு, "முரடுதான். முரட்டுக்குன்னு மருந்து இருக்குதே. உங்க நைனா மாரி சாதுவா இருந்திருந்தா அந்த மருந்து எனக்குக் கெடைச்சிருக்காது" என்றாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

வைத்தியம் தொடங்கியது. கீமோவோடு சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் அந்த மருந்தும் ஏறியது. அதோடு பாலசுப்பிரமணியனின் சத்தியமும் ஏறியது. டாக்டர், "எப்படி இருந்தேள்?" என்று கேட்க வேண்டியதுதான், ஆரம்பித்துவிடுவார்.

"செவ்வாக்கெழம ரெண்டு தபா வாந்தி. புதன் ஒண்ணுமில்ல. வியாழக்கெழம நடக்கச் சொன்னீங்க, தெருமுனை வரைக்கும் போயி அங்க ரத்தினம்மாகூட உக்காந்துக்கினு ஒரு மணி நேரம் பேசுனா, நடக்கல. மாங்கா ஊறுகா துன்னா. வாணான்னு சொன்னேன், என்னைத் திட்டுனா. திட்டுனது இன்னான்னா..."

"அது வேண்டாம் சார்."

"சின்னப் பொய்யும் சொல்றதில்ல மேடம், அதான்."

தனபாக்கியம் பல்லைக் கடித்தாள். "பொய் சொல்லாதன்னா, கேக்காததையும் சொல்லுன்னா அர்த்தம்? பொய் சொன்னப்பவே நல்லா இருந்தியே, கன்ட்ரோலரே."

மூன்றாவது தடவை போனபோது டாக்டர் கட்டியைத் தொட்டு அளந்து பார்த்தாள். மறுபடி அளந்தாள். "பாதிக்குக் கீழே வந்துடுத்து மாமி. தொட்டாலே தேடவேண்டியிருக்கு." பிறகு விரலை நீட்டி, "ஆனா ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கு. இனிப்பு கூடாது. துளிகூட" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதிப்பேர் மொட்டை. மலையிலிருந்து இறங்கியவர்கள். தனபாக்கியத்துக்கும் முடி முழுக்க உதிர்ந்திருந்தது. வேறு ஊராக இருந்தால் முக்காடு போட்டிருப்பாள். திருப்பதியில் மொட்டைக்குக் காரணம் கேட்கிறவன் பிறக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டில் பாலசமுத்திரத்துக்காரி பொன்னியம்மா, மொட்டையில் சந்தனம் காயாமல், மடியில் லட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்குளுக்கும் இன்னிக்குத்தான் முடி எறக்குனாங்களாம்மா? தரிசனம் நல்லா ஆச்சா?"

"நல்லா ஆச்சி" என்று தனபாக்கியம் சுருக்கமாக முடிக்கப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றார் பாலசுப்பிரமணியன், இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து. "நாங்க கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரோம். மார்ல கட்டி. இன்னிக்குப் பாத்தாங்க. பாதிக்குக் கீழ கொறைஞ்சிட்டுது."

"டாக்டரம்மாகிட்டதானே பொய் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன. பஸ்ஸுல எல்லாம் எதுக்கு?" என்று தனபாக்கியம் அவர் தொடையைக் கிள்ளினாள்.

"நல்ல சேதிதானே, சொன்னா இன்னா?"

பொன்னியம்மா அவள் மொட்டையில் கையை வைத்தாள். பிறகு பையைப் பிரித்து ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி என்ன என்று கேட்டார். பின் சீட்டில் இருந்தவள் அவருக்குச் சொன்னாள். சேதி கண்டக்டர் வரைக்கும் போனது. பாகாலா தாண்டுவதற்குள், அந்த வண்டியில் இருந்த மொட்டைகள் எல்லாம் ஆளுக்கொரு துண்டு லட்டுக் கொடுத்து, தனபாக்கியத்தின் மடியில் மலையப்பனே வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு குவியல் எழும்பிவிட்டது. பஸ் முழுக்க நெய்யும் ஏலக்காயும் மணத்தது.

அவள் ஒரு துண்டை எடுத்தாள். அவரைப் பார்த்தாள்.

"இத மட்டும் டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதய்யா."

"கேட்டா சொல்லுவேன்."

"பிரசாதம். வாணான்னு சொன்னா பாவம்."

"அதையும் சேத்துச் சொல்லுவேன்."

அவள் அந்தத் துண்டைப் பாதியாகப் பிட்டாள். சின்னப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பெரிய பாதியை, அவர் மேற்கொண்டு எதுவும் பேசுவதற்கு முன்னால், அவர் வாயில் அழுத்தினாள்.